அச்சில் இல்லாத விமான நிறுவன வரலாற்று நூல்கள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விமானப் புத்தகம் என்றாலே போர் விமானம்தானே கிடைக்கிறது? விமான நிறுவனங்களின் வரலாறு என்று தனியாக இருக்கிறதா?

இருக்கிறது. கடைக்காரர் இரண்டையும் ஒரே அடுக்கில் போட்டு வைத்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. போர் விமானப் புத்தகங்களுக்கு வாசகர் கூட்டம் பெரிது, மறுபதிப்பும் வந்துகொண்டே இருக்கும். பயணிகளையும் தபாலையும் ஏற்றிச் சென்ற நிறுவனங்களின் கதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரும்பாலும் ஒரே பதிப்பு, அதுவும் சில வருடங்களில் தீர்ந்துவிடும். நிறுவனமே மூடிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பான் அமெரிக்கன் 1927-ல் தொடங்கி 1991 டிசம்பர் 4 அன்று நின்றுபோனது. ஏர் சிலோன் 1970களின் இறுதியோடு சரி. இப்படி ஓர் அலுவலகம் காலியாகும்போது கோப்புகள் எடைக்குப் போகும். அதற்கு முன்னால் யாரோ உட்கார்ந்து எந்த விமானம், என்ன பதிவெண், எந்தத் தடம், எந்தத் தேதி என்று எழுதி வைத்திருந்தால் அந்தப் புத்தகம்தான் மிஞ்சும்.

எங்கிருந்து தொடங்குவது?

நிறுவனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு வான்தடத்தைப் பிடியுங்கள்.

என் அலமாரி லண்டன், கராச்சி, சென்னை, கொழும்பு என்ற ஒரே கோட்டின் மேல் நிற்கிறது. 1929 மார்ச் 30 அன்று பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவையைத் தொடங்கியது. கராச்சியில் இறங்கும் தபாலைத் தெற்கே யார் கொண்டுபோவது? அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்ததுதான் டாடாவின் விமானச் சேவை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா ஒற்றை எஞ்சின் 'புஸ் மோத்' விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை சேர்ந்தார். 1938-ல் அந்தத் தடம் கொழும்பு வரை நீண்டது. போர்க்காலத்தில், 1943 முதல் 1945 வரை, இலங்கையின் கொக்கல ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே ஆஸ்திரேலிய நிறுவனமான கான்டாஸின் கேட்டலினா கடல் விமானங்கள் ஒரே மூச்சில் 27 முதல் 33 மணி நேரம் பறந்தன. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் டிசி-3 'சீதா தேவி' ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது.

ஒரே கோட்டில் நான்கு நிறுவனங்கள். ஒரு புத்தகத்தில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும், ஒன்றில் தப்பாக இருப்பதை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். நிறுவனத்தின் பெயரில் சேர்ப்பவருக்கு இந்தச் சுகம் கிடைக்காது. அவர் கையில் இருப்பவை பெரும்பாலும் அந்த நிறுவனமே காசு கொடுத்து எழுதவைத்த பொன்விழா மலர்களாக இருக்கும். நான் மலர்களுக்கு எதிரி அல்ல, படங்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் விபத்து, நஷ்டம், வேலைநிறுத்தம் என்று தேடினால் ஒரு வரி கிடைக்காது.

சரி, அந்தத் தடத்துக்கு முதலில் வாங்க வேண்டிய புத்தகம் எது?

லண்டன் பட்னம் நிறுவனம் வெளியிட்ட ஏ. ஜே. ஜாக்சனின் 'பிரிட்டிஷ் சிவில் ஏர்கிராஃப்ட்'. கதைபோல வாசிக்க அல்ல, எடுத்துப் பார்க்க. பிரிட்டனில் பதிவான சிவில் விமானங்களின் வகைகளையும், அந்த வகைகளில் ஒவ்வொரு தனி விமானமும் எப்படி முடிந்தது என்பதையும் அடுக்கித் தரும் நூல்.

இதன் அருமை ஒரே ஓர் உதாரணத்தில் தெரியும். இம்பீரியல் ஏர்வேஸின் 'ஹானிபல்', பதிவெண் ஜி-ஏஏஜிஎக்ஸ், நான்கு எஞ்சின் கொண்ட ஹேண்ட்லி பேஜ் எச்.பி.42 வகை இரட்டை இறக்கை விமானம். 1940 மார்ச் 1 அன்று ஈரானின் ஜாஸ்கிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகும் வழியில் ஓமன் வளைகுடாவின் மேல் காணாமல் போனது. விமானங்களின் பட்டியலில் அது ஒரு பதிவெண், ஒரு தேதி, ஓர் இடம். அந்த விமானத்தில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான சர் ஏ. டி. பன்னீர்செல்வம். பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனித்த 'இந்தியா மந்திரி'யின் ஆலோசகராகப் பதவியேற்க லண்டன் போய்க்கொண்டிருந்தார். திராவிட இயக்க வரலாறு படித்தவர்களுக்கு அவர் விமான விபத்தில் இறந்தது தெரியும், எந்த விமானம் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். விமான ஆர்வலர்களுக்கு ஹானிபலைத் தெரியும், பன்னீர்செல்வம் யார் என்று தெரியாது. பட்டியலையும் அந்த வருட மார்ச் மாதத் தமிழ்ப் பத்திரிகைக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் இரண்டும் ஒன்றாகச் சேரும். இந்தச் சேகரிப்பில் எனக்கு ருசி தட்டியது அங்கேதான்.

டேவிஸ், டேவிஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, யார் அவர்?

ஆர். இ. ஜி. டேவிஸ் (1921–2011). இங்கிலாந்துக்காரர், விமானத் தொழிலிலேயே இருந்தவர். பிறகு வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்தில் விமானப் போக்குவரத்துப் பிரிவின் காப்பாளராக இருந்தார். 1964-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட்ஸ் ஏர்லைன்ஸ்' அவருடைய முதல் பெரிய நூல். உலகம் முழுக்க இருந்த நிறுவனங்களை ஒரே ஆள் ஒரே தொகுதிக்குள் கொண்டுவந்தார் என்பதே வியப்பு. அதற்குப் பிறகு கண்டம் கண்டமாகப் போனார்: அமெரிக்கா 1972, லத்தீன் அமெரிக்கா 1984, ஆசியா 1997.

இவை தவிர, ஓவியர் மைக் மஷாட்டோடு சேர்ந்து தனித்தனி நிறுவனங்களைப் பற்றிப் பெரிய அளவில் ஒரு வரிசை செய்தார். 1987-ல் வந்த பான் அமெரிக்கன் தொகுதி அதில் முதலாவது. பக்கத்துக்கு ஒரு விமானம், அளவு பிசகாத பக்கவாட்டுப் படம், வாங்கிய விமானங்களின் அட்டவணை. நம் தடத்துக்கு நேரடியாக உதவாது. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எப்படி அடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு தொகுதியாவது கையில் இருக்கட்டும்.

எல்லோரும் சொல்வதுபோல நானும் சொல்கிறேன், ஒரே ஒரு டேவிஸ்தான் வாங்க முடியும் என்றால் 1964 நூல். ஆசியா தொகுதியை அடுத்து வாங்குங்கள்.

ஒரே புத்தகம் இரண்டு மூன்று பதிப்புகளில் வருகிறது. முதல் பதிப்புதானே உசத்தி?

கதைப் புத்தகத்துக்குச் சரி, இந்தத் துறையில் அநேகமாகத் தலைகீழ். பட்னம் ஆசிரியர்கள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார்கள். ஜாக்சனின் 'பிரிட்டிஷ் சிவில் ஏர்கிராஃப்ட்' 1959-60-ல் இரண்டு தொகுதிகளாக வந்தது, 1973-74-ல் விரிந்து மூன்று தொகுதிகளானது. உபயோகத்துக்கு இரண்டாவதே நல்லது. அவருடைய டி ஹாவிலாண்ட் நூல் இன்னும் வேடிக்கை. 1962-ல் '1915 முதல்' என்று தலைப்பு, 1978-ல் '1909 முதல்' என்று மாறியது. இரண்டும் வெவ்வேறு புத்தகம் என்று நினைத்து இரண்டுக்கும் காசு கொடுப்பவர்கள் உண்டு. டாடாவின் புஸ் மோத் டி ஹாவிலாண்ட் தயாரிப்பு என்பதால் நம் தடத்துக்கு இந்த நூல் வேண்டும்.

இன்னொரு குழப்பம்: இரண்டு ஜாக்சன்கள் இருக்கிறார்கள். 'இம்பீரியல் ஏர்வேஸ் அண்ட் தி ஃபர்ஸ்ட் பிரிட்டிஷ் ஏர்லைன்ஸ்' (1995) எழுதியவர் ஏ. எஸ். ஜாக்சன். அதுவும் வாங்க வேண்டியதுதான், ஆனால் வேறு ஆள். இணையப் பட்டியல்களில் இருவரையும் கலந்துவிடுகிறார்கள்.

இம்பீரியல் ஏர்வேஸ் பற்றி விமானம் மட்டும் இல்லாமல் அரசியலும் பேசும் புத்தகம்?

ராபின் ஹையமின் 'பிரிட்டன்ஸ் இம்பீரியல் ஏர் ரூட்ஸ் 1918 டு 1939', 1960-ல் வந்தது. மானியம், தபால் ஒப்பந்தம், அதிகாரிகளின் இழுபறி எல்லாம் அதில் உண்டு. போர்க்காலத்துக்கு 1946-ல் பிரிட்டிஷ் அரசு அச்சகம் வெளியிட்ட 'மெர்ச்சன்ட் ஏர்மென்'. மெல்லிய அட்டை, அருமையான படங்கள், அரசாங்கக் குரல். ஆஸ்திரேலியப் பக்கத்துக்கு கான்டாஸ் நிறுவனர்களில் ஒருவரான ஹட்சன் ஃபிஷ் எழுதிய மூன்று தொகுதிகள் (1965, 1968, 1970). கொக்கல கதைக்கு நடுத் தொகுதியான 'கான்டாஸ் அட் வார்' வேண்டும்.

இந்திய நிறுவனங்களைப் பற்றி?

இங்கேதான் புத்தகம் குறைவு, காகிதம் அதிகம்.

டாடாவைப் பற்றி ஆர். எம். லாலா எழுதிய வாழ்க்கை வரலாறு எளிதில் கிடைக்கும். அதனால் அதைச் சேகரிப்பில் சேர்க்கத் தேவையில்லை, படித்தால் போதும். தேட வேண்டியது முராத் ஃபைஸியின் 'ஏர்கிராஃப்ட் அண்ட் எஞ்சின் பெர்ஃபெக்ட்' (1991). அது விமானத்தை மட்டுமே பேசுகிறது.

ஆனால் 1953-ல் தேசியமயமானபோது இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் கரைந்த எட்டு நிறுவனங்களில் டாடாவின் ஏர் இந்தியா ஒன்றுதான். டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா, ஹிமாலயன் ஏவியேஷன், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஏர்வேஸ் (இந்தியா), ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா என்று மற்ற ஏழும் அடிக்குறிப்பாகிவிட்டன. இவற்றின் கணக்குவழக்கு தெரிய வேண்டுமானால் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான 1950-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தேடுங்கள். பார்க்க அரசாங்கக் கோப்பு மாதிரிதான் இருக்கும், கடைக்காரர் 'சட்டம்' என்று எழுதிய அடுக்கில் செருகியிருப்பார். போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த டகோட்டா (டிசி-3) விமானங்களை வாங்கிக்கொண்டு எத்தனை கம்பெனிகள் கிளம்பின, ஏன் மூச்சு முட்டின என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1949-ல் தொடங்கிய இரவு வான்தபால் கதைக்கும் இப்படிப்பட்ட காகிதங்களே கதி. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் இரவில் கிளம்பிய விமானங்கள் நாக்பூரில் சந்தித்து, தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் ஊர் திரும்பிய ஏற்பாடு அது.

கால அட்டவணை, டிக்கெட், லக்கேஜ் லேபிள் இதெல்லாம் புத்தகத்தோடு சேர்க்கலாமா?

அட்டவணையைச் சேருங்கள், மற்றவை உங்கள் இஷ்டம். நூலாசிரியர் 'வாராந்தரச் சேவை' என்று எழுதிவிட்டுப் போவார். செவ்வாயா, வியாழனா, எங்கே சாப்பாடு, எங்கே இரவுத் தங்கல் என்று அட்டவணைதான் சொல்லும். அமெரிக்காவில் 1929-லிருந்தும், பிரிட்டனில் 'ஏபிசி வேர்ல்ட் ஏர்வேஸ் கைடு' என்ற பெயரில் 1946-லிருந்தும் எல்லா நிறுவனங்களையும் ஒன்றாகத் தொகுத்த வழிகாட்டிகள் வந்தன. டிராவல் ஏஜென்டுகள் புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டார்கள். அதனால்தான் இன்று பத்து வருடத் தொடர்ச்சியாக யாரிடமும் இருப்பதில்லை.

சென்னையில் எங்கே தேடலாம்?

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததோடு ஒரு காலம் முடிந்தது. அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகளிலும், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலும் இப்போது பாடப்புத்தகமும் நாவலும்தான் பெரும்பாலும். என் அனுபவத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மேல். விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதாலோ என்னவோ, வீடு காலி செய்யும்போது வெளியேறும் விமானப் பொறியாளர் கையேடுகளும் நிறுவன டைரிகளும் அங்கே தலைகாட்டுகின்றன. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். கையில் எடுத்ததும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பேரத்தில் தோற்பார்கள்.

வாங்குவதற்கு முன் படித்துப் பார்க்க கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று அது. இந்திய வெளியீடுகளுக்கு முதலில் அங்கே பட்டியலைப் பாருங்கள். பட்னம் வகையறா வேண்டுமென்றால் இணையத்தை விட்டால் வழியில்லை. ஏப்புக்ஸ், பிப்லியோ, ஈபே மூன்று தளங்களையும் பாருங்கள். 1970க்கு முந்திய நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் கிடையாது, ஆகவே தலைப்பும் ஆண்டும் போட்டுத் தேட வேண்டும்.

விற்பவர் 'குட்' என்று போட்டிருந்தார். வந்த புத்தகம் படுமோசம். ஏமாற்றா?

இல்லை, அந்த வியாபாரத்தின் அளவுகோல் அது. 'ஃபைன்', 'நியர் ஃபைன்', 'வெரி குட்' எல்லாம் மேலே. 'குட்' என்றால் பக்கங்கள் முழுதாக இருக்கின்றன, மற்றபடி அடிபட்டது என்று அர்த்தம். 'ரீடிங் காப்பி' என்றால் படிக்கலாம், பார்க்க முடியாது.

ஆர்டர் போடும் முன் நான்கு படம் கேளுங்கள்: முதுகு, மேலுறையின் உள்மடிப்பு, தலைப்புப் பக்கத்தின் பின்புறம், மடித்து வைத்த வரைபடம் ஏதும் இருந்தால் அதை விரித்து ஒன்று. வரைபடம்தான் முதலில் கிழியும், முதலில் திருடுபோகும். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நூலக முத்திரை குத்திய பிரதி வாங்கலாமா?

தாராளமாக. பாதி விலைக்கும் கீழே வரும், உள்ளே விஷயம் அதேதான். ஒரு நிபந்தனை: நூலகமே கழித்துவிட்டதற்கான முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் நூலக முத்திரை மட்டும் இருந்தால் அது எப்படி வெளியே வந்தது என்று யோசியுங்கள். நான் வாங்குவதில்லை.

மேலுறை இல்லாவிட்டால் என்ன குறை?

படிப்பவருக்கு ஒரு குறையும் இல்லை. விற்பவருக்குப் பெரிய குறை. மேலுறையோடு வந்தால் அமிலமில்லாத பாலியெஸ்டர் உறை போடுங்கள். செலோடேப் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

'புதிய பதிப்பு' என்று மலிவாகக் கிடைக்கிறதே?

ஆர்டர் வந்த பிறகு அச்சடித்துத் தரும் நகல்கள் அவை. ஸ்கேன் செய்தவர் மடித்த வரைபடத்தை விரிக்காமலே எடுத்திருப்பார், புகைப்படங்கள் கரிக்கட்டியாகத் தெரியும். எழுத்து மட்டுமுள்ள அறிக்கைக்குப் பரவாயில்லை. படமும் அட்டவணையும் உள்ள நூலுக்கு வீண் செலவு.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எவ்வளவு ஆகும்?

பட்னம் கெட்டி அட்டைத் தொகுதி பொதிந்து முடித்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. பல சமயம் புத்தக விலையைத் தபால் கட்டணம் தாண்டிவிடும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்றாலும், 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கவரி போட்டார்கள். கொரியர் கம்பெனி அதன் மேல் தன் கட்டணத்தையும் ஏற்றும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ சொந்தக்காரர் இருந்தால் அவர் முகவரிக்கு அனுப்பவைத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வதே நாம் எல்லோரும் செய்வது. ஒரு பயணத்துக்கு இரண்டு புத்தகத்துக்கு மேல் கேட்டால் உறவு கெடும்.

நம் ஊர் ஈரத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

விமானப் புத்தகங்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: படங்களுக்கான வழுவழுப்பான ஆர்ட் காகிதம். அதன் மேல் பூசியிருப்பது களிமண் கலவை. ஒருமுறை நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து எதிர்ப்பக்கத்தில் போய்விடும், எந்த மருந்தும் கிடையாது. வெள்ளத்தில் நனைந்துவிட்டால் காய்வதற்குள் பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாள் வைக்க வேண்டும்.

'மெர்ச்சன்ட் ஏர்மென்' போன்ற மெல்லிய வெளியீடுகளில் கம்பி பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். இராமபாணப் பூச்சி பசையைத் தேடி முதுகுக்குள் போகும். சந்தேகமாக இருக்கும் புத்தகத்தைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், வெளியே எடுத்ததும் சூடு சமமாகும் வரை பிரிக்காதீர்கள். தஞ்சை சரசுவதி மகாலில் ஏடுகளுக்கு வைக்கும் வசம்பு, கருஞ்சீரகப் பொட்டலம் வீட்டு அலமாரிக்கும் ஒத்துவரும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் கண்ணாடிக் கதவு போட்டு இறுக்கி அடைப்பதைவிடக் காற்றோட்டம் உள்ள திறந்த அடுக்கு மேல். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

கையில் உள்ளதை ஸ்கேன் செய்து நண்பர்களுக்கு அனுப்பலாமா?

இந்திய அரசு வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1950 அறிக்கைக்கு அது முடிந்துவிட்டது, தாராளமாகப் போடுங்கள், புண்ணியமாகப் போகும். தனி ஆசிரியர் நூலுக்கு அவர் காலமான பிறகு 60 ஆண்டுகள். டேவிஸ் காலமானது 2011-ல், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அச்சில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது.

முதலீடாகப் பார்க்கலாமா?

வேண்டாம். வாங்குபவர் வட்டம் சின்னது, அதில் பாதிப் பேர் பேரம் பேசுவதில் உங்களைவிடக் கெட்டி.

அப்பா ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பரணில் இரண்டு பெட்டி காகிதம் இருக்கிறது. என்ன செய்வது?

பிரிக்காதீர்கள். படம் நன்றாக இருக்கிறது என்று ஆல்பத்திலிருந்து உரிப்பதும், 'முக்கியமானதை' மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போடுவதும் கூடாது. பணி நேரப் பட்டியல், ஊழியர் இதழ், பராமரிப்புச் சுற்றறிக்கை, சம்பளச் சீட்டு எல்லாம் இருந்த வரிசையிலேயே இருக்கட்டும். புகைப்படங்களின் பின்னால் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருடம். விமானத்தின் வாலிலோ பக்கவாட்டிலோ பதிவெண் தெரிந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றின் தேதியையும் கண்டுபிடிக்க முடியும்.

அப்பா இருக்கிறார் என்றால், பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, செல்போனில் பதிவை ஓடவிட்டுவிட்டு, ஒவ்வொரு தாளாக எடுத்துக் கேளுங்கள். விற்பதா, நூலகத்துக்குக் கொடுப்பதா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.